மூணாம் ஓலையில் தானாகத் திறந்தது

அந்தப் பையில இருக்கது லேப்டாப்தானே மக்ளே? பாத்ததுமே நெனச்சேன். மடியில வச்சுக்கோ, மேல போடாத. இந்த டிரைவர் பள்ளம் பாத்து ஓட்டுத ஆளு இல்ல, பள்ளத்தத் தேடி ஓட்டுத ஆளு. காதுல சொருகியிருக்கதையும் எடுத்துரு. வள்ளியூர்தானே எறங்குத? நீ டிக்கெட் வாங்கும்போது கேட்டுச்சு. நான் நாகர்கோவில் வரைக்கும். பேசிக்கிட்டே போவோம்.

ஒண்ணு கேக்கேன், தப்பா எடுக்காத. அத ஆன் பண்ணுனதும் நீ கேக்காமலே எத்தன ஆப் தானாத் தொறக்கு? தெரியாதா? எண்ணிப் பாத்ததே இல்லையா? படிச்ச பிள்ளதான. வீட்டுக் கதவத் தொறந்ததும் ஒரு கூட்டம் நேரா உள்ள வந்து சோபாவுல உக்காந்தா, நீங்கல்லாம் யாருன்னு கேக்க மாட்டியா? அங்க மட்டும் கேக்க மாட்ட.

ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல. போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது. தெரியாததுனால என்ன ஆச்சு தெரியுமா? எங்கூடப் பொறந்த ஒரே அண்ணன் எங்கிட்ட பேச்ச நிப்பாட்டிட்டான். நான் தலைவாரி, பூ வச்சு வளத்த பிள்ள, அவன் மக, அவளும் பேசுததில்ல. எதுக்கு? ஒரு டிக்குக்கு. ஒரு டிக்க எடுக்காம விட்டதுக்கு ஒரு குடும்பம் பிரியுமா, நீயே சொல்லு.

எம்பேரு நவமணி. நவமணி டீச்சர்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வச்சிருந்தேன். லோயர், ஹையர், ரெண்டும் சொல்லிக்குடுப்பேன். கீபோர்டப் பாக்காம அடிக்கணும், பாத்தா ஸ்கேலால விரல்ல ஒண்ணு வைப்பேன். இன்னைக்கு கலெக்டர் ஆபீஸ்ல உக்காந்திருக்கவன்ல பாதிப்பேரு விரல்ல நான் இருக்கேன். அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு, மெஷின எடைக்குப் போட்டேன், வீட்டுல சும்மா இருந்தேன். சும்மா இருந்தா நமக்கு ஆகாதே.

எங்க கோவிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்துச்சு. நாங்க ரோமன் கத்தோலிக்கம். துபாய்ல இருக்க ஒருத்தர் நேர்ச்சையா குடுத்தாரு, கூட ஒரு புரொஜெக்டரும். பூசை நேரத்துல பாட்டு வரிய பீடத்துக்குப் பக்கத்துல பெரிய திரையில போட்டா ஜனங்க பாத்துப் பாடும். இத யாரு செய்வான்னு பங்குப் பேரவையில சாமியார் கேட்டாரு. அத்தன பேரும் குனிஞ்சு செருப்ப எண்ணுதாங்க. நான் மட்டும்தான் நிமிந்து இருந்தேன். இப்ப என்ன பேசுதாங்க தெரியுமா? டீச்சர் எதுலயும் முந்திக்கிட்டு வந்து நிப்பாங்களாம். அன்னைக்கு ஒருத்தன் பிந்திக்கிட்டாவது வந்து நின்னிருக்கலாம்லா.

அதுல நான் என் மெசேஜ் ஆப்பையும் போட்டேன். ஆமா, கோவில் கம்ப்யூட்டர்லதான். போன்ல கட்டவிரல வச்சுக் குத்துததெல்லாம் ஒரு டைப்பிங்கா? ஆண்டவர் பத்து விரல் குடுத்திருக்காரு. பூசைக்கு அரமணி நேரம் முந்தியே போயிருவேன். பாட்டெல்லாம் வரிசப்படுத்தி வச்சிட்டா அப்புறம் என்ன வேல? ஜெபம் சொல்லலாமேன்னு பாக்கியா? அதுவும் சொல்லுவேன். ஜெபத்துக்கு வாய் போதும், விரல் சும்மாதான கெடக்கு.

நானும் என் தங்கச்சிமார் ரெண்டு பேரும் ஒரு குரூப் வச்சிருந்தோம். 'ரத்த பந்தம்'னு பேரு, நான் வச்ச பேருதான். ஒருத்தி மார்த்தாண்டம், இன்னொருத்தி சென்னை. அண்ணன அதுல சேக்கல. ஆம்பளைக்கு அதுல என்ன இருக்கு? அவனப் பத்திப் பேசணும்னா அவன் இருந்தா நல்லாவா இருக்கும்?

அந்த ஆப்பப் போடும்போதே அது ஒண்ணு கேட்டுச்சு. மெஷின் முழிச்சதும் நானும் தானா வந்து நிக்கட்டுமான்னு. பவ்யமா கேட்டா என்ன செய்வோம்? வந்து நில்லுன்னு டிக் போட்டு விட்டுட்டேன். ஞாயித்துக்கெழம ஆன் பண்ணுவேன், அது வந்து நிக்கும், வாசிப்பேன், ரெண்டு வரி அடிப்பேன், மூடுவேன். மூடுன பெறகுதான் புரொஜெக்டர் ஒயர எடுத்து மாட்டுவேன். இந்த வரிசை ஒரு நாளும் பிசகாது. டைப்ரைட்டிங்காரி நான், வரிசைதான் எனக்கு உசுரு.

சரி, என் அண்ணன் மக கதைக்கு வாரேன். ஜெனிட்டா. தாயில்லாப் பிள்ள. சின்னதுலயே அண்ணி போய்ச் சேந்துட்டா. அண்ணன் சூசைக்கு சோறு பொங்கத் தெரியாது, சடை போடத் தெரியாது. யாரு செஞ்சா? நான்தான். என் மகன் டென்சிலும் அவளும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்ததுங்க. ஜெனிட்டாவ டென்சிலுக்குக் கேட்டு, அவ வேண்டாம்னதுனாலதான் டீச்சருக்கு வயித்தெரிச்சல்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. ஊர் வாய மூட உலமூடி உண்டா? நான் கேக்கவே இல்ல மக்ளே. அண்ணன்ட்ட ரெண்டு மூணு தடவ சொல்லிப் பாத்தேன், அவ்வளவுதான். எங்க ஆட்கள்ல சொந்தத்துல முடிக்கணும்னா ஆயர்கிட்ட, அதான் பிஷப்கிட்ட, அனுமதி வாங்கணும். அதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு ஆயர் இல்லத்துல போய் விசாரிச்சு வச்சிருந்தேன். சும்மா, ஒரு பொது அறிவுக்கு.

அவ என்ன சொன்னா? "அத்தை, டென்சில் எனக்கு அண்ணன் மாதிரி." மாதிரியாம். டென்சிலும் அதே நாள்ல போன் பண்ணி, "அம்மா, அவ வேண்டாம்னதுக்கு நான் மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்தப் போறேன்"னான். வெளையாட்டுப் பிள்ள. இப்ப தோஹாவுல இருக்கான். வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டு நிமிஷம் பேசுவான், அதுக்கு மேல நெட்வொர்க் கெடைக்காதாம். தோஹாவுல நெட்வொர்க் கெடைக்காதாம், கேட்டியா.

பொறவு பாளையங்கோட்டையில இருந்து ஒரு மாப்பிள வந்தான். ரெஜின். நல்ல வேல, நல்ல குடும்பம்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன். வெளிய சொன்னேன்.

எங்கள்ல கல்யாணத்துக்கு முந்தி ஓலை வாசிக்கணும். உங்கள்ல கெடையாதுல்லா? அடுத்தடுத்து மூணு ஞாயிறு, பூசை முடியுத நேரத்துல, இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், இதுக்குத் தடை ஏதாவது இருக்குன்னு தெரிஞ்சவங்க சாமியார்ட்ட சொல்லக் கடமைப்பட்டிருக்காங்கன்னு ஊரறிய வாசிப்பாங்க. ஏற்கெனவே ஒருத்திக்குத் தாலி கட்டுனவனா, மதம் மறைச்சவனா, அப்படி ஏதாவது. மூணு வாரமும் யாரும் வாயத் தொறக்கலைன்னா கல்யாணம் நடக்கும். முதல் ஓலை நல்லபடியாப் போச்சு. ரெண்டாம் ஓலையும் போச்சு. மூணாம் ஓலை அன்னைக்கு மாப்பிள வீட்டுல இருந்தே ஆளு வந்திருந்தாங்க. அவனும் அவன் அம்மாவும். பூசை முடிஞ்சதும் ஜெனிட்டாவக் கூட்டிக்கிட்டு மந்திரகோடி எடுக்கப் போறதா ஏற்பாடு. தாலி கட்டுன பெறகு உடுக்கணுமே, அந்தச் சேலை. என்னைக் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா நான் ஏன் பூசைக்கு முந்தி அத்தன வரி டைப் அடிக்கப் போறேன்?

பூசை நல்லாத்தான் நடந்துச்சு. நற்கருணை, அதான் நாக்குல வைக்கிற அப்பம், அது குடுக்க ஆரம்பிச்ச நேரம் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் போட்டாங்க, ஆனா கம்ப்யூட்டர் அணைஞ்சு போச்சு. நான் கம்ப்யூட்டர், புரொஜெக்டர் ரெண்டையும் திரும்ப ஆன் பண்ணிட்டு நற்கருணை வாங்கப் போயிட்டேன். அது முழிச்சு எந்திரிக்கதுக்குள்ள ஒரு ஜெபமாலையே சொல்லி முடிச்சிரலாம், அப்படி ஒரு சோம்பேறி. ஒயரு? ஒயரு மாட்டுனபடிதான் இருக்கு. அது என் நெனப்புல இல்ல. வரிசைய மாத்துனது கரண்ட்காரன், நான் இல்ல.

வரிசையில நான்தான் கடைசி. வாங்கிக்கிட்டுத் திரும்புதேன். சாமியாருக்கு ஒத்தாசையா இருக்க உபதேசியார் மைக்கப் பிடிச்சிட்டாரு. "இது மூன்றாம் ஓலை" அப்படின்னு ஆரம்பிக்காரு. திரையில வெளிச்சம் வந்துச்சு. முதல்ல பிரிண்டர் வந்து, எனக்கு மை இல்லைன்னு சொல்லுது. அடுத்தாப்ல வைரஸ் பிடிக்க ஆப்பு, உங்களுக்குப் பாதுகாப்பு முடிஞ்சு போச்சுன்னு செவப்பு எழுத்துல வருது. அதுக்கப்புறம் ஒரு சீட்டு வெளையாட்டு. கோவில்ல, பீடத்துக்குப் பக்கத்துல, ராணியும் ராஜாவும் வந்து நிக்காங்க. யாரு கூப்பிட்டா இவங்கள? நான் நடையக் கூட்டுதேன். கோவிலு நீளம், மெஷின் இருக்கது பாடகர் பக்கம், கடைசியில. ஓடக் கூடாது, நாக்குல நற்கருணை இருக்கு.

உபதேசியார் இது எதையும் பாக்கல. கண்ணாடியத் தாள்ல வச்சுக்கிட்டு வாசிச்சிட்டே போறாரு. "இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாகத் தெரிந்தவர்கள்" அப்படிங்காரு. அந்த நேரம் பாத்து வந்து நின்னுச்சு மக்ளே, என் 'ரத்த பந்தம்'. திரை முழுக்க. என் எழுத்து. பிழையில்லாம, புள்ளி கமா எல்லாம் வச்சு.

வாயத் தொறந்து ஒரு கூப்பாடு போட முடியல. மெல்லக் கூடாது, துப்பக் கூடாது, அவசரமா முழுங்கவும் பயமா இருக்கு. கையக் கைய ஆட்டுதேன். நான் ஏதோ தடை சொல்ல வாரேன்னு நெனச்சுக்கிட்டு ஜனங்க வழி விடுது.

முதல் வரி என்னன்னா, மாப்பிள தலையில இருக்கது சொந்த முடி இல்ல, காத்தடிச்சப்போ நான் பாத்தேன், முடி ஒரு தெசை, ஆளு ஒரு தெசைன்னு. உண்மைதான? பொய்யா எழுதுனேன்? ரெண்டாவது அவன் அம்மாவப் பத்தி. அந்தம்மா பேச ஆரம்பிச்சா பெரிய வெள்ளிக்கெழம பிரசங்கம் மாதிரி, மூணு மணி அடிச்சாத்தான் நிக்கும்னு. அதுவும் பொய் இல்ல. முன்னால உக்காந்திருந்த ஒரு பாட்டியம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. "என்ன பாட்டுடி இது, எத்தனாவது நம்பர்?"னு பக்கத்துல கேக்காங்க. ஆர்மோனியக்காரரு அதுக்கு மேல. திரையில எழுத்து வந்துட்டாப் பாட்டுன்னு நெனச்சு ஒரு சுருதியும் குடுத்துட்டாரு.

சிரிக்காத மக்ளே. சிரி, பரவால்ல. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த மாப்பிளயோட அம்மாவே சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டுக் குலுங்குதாங்க.

மூணாவதா ஒரு வரி இருந்துச்சு. அது முக்கியமில்ல. சரி, கேட்டுட்ட, சொல்லுதேன். ஜெனிட்டாவப் பத்தி. முப்பத்திரெண்டு வயசாச்சு, ரெண்டு எடத்துல பாத்துட்டு வேண்டாம்னுட்டுப் போயிட்டாங்க, சாயங்காலத்து மீன அண்ணன் வந்த வெலைக்குத் தள்ளிவிடுதான்னு. நாங்க கடப்புறத்துல பொறந்து வளந்தவங்க, மீனு, வலைன்னுதான் பேச்சு வரும். ஒரு பேச்சு வாக்குல அடிச்சது. அத வாசிக்கும்போது கோவில்ல சத்தமே இல்ல. எல்லாரும் வாசிச்சு முடிச்சிட்டாங்கன்னு எனக்கு அதுலதான் தெரிஞ்சுச்சு. நான் போய் ஒயரப் பிடுங்கும்போது ஜெனிட்டா பாடகர் வரிசையில, எனக்குப் பக்கத்துலதான் நின்னா. கையில பாட்டுப் புத்தகம். என்னைப் பாக்கல. வெள்ளையாப் போன திரையவே பாத்துக்கிட்டு இருந்தா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மக்ளே, நான் தொறக்கல, அது தானாத் தொறந்துட்டு"ன்னேன். சத்தியமான வார்த்தை. இதுல என்ன தப்பு இருக்கு?

அண்ணன் அன்னைக்கு மத்தியானம் வீட்டு வாசல்ல வந்து நின்னான். உள்ள வரல. "நவமணி, நீ எழுதுனது தப்புன்னு ஒரு வார்த்தை அவகிட்ட வந்து சொல்லு"ன்னான். நான் பொறுமையா வெளக்குனேன். அண்ணே, எழுதுனது எழுதுன எடத்துல சும்மாத்தான் கெடந்துச்சு, வெளிய வந்ததுதான் தப்பு, அதக் கண்டுபிடிச்சு சரி பண்ணுதேன்னு. அவன் பாதியிலயே திரும்பிட்டான். போயிட்டான்.

கல்யாணம் நடந்துச்சு. நடக்காம? அதுதான் பெரிய வேடிக்கை. மாப்பிள அந்த முடியக் கழட்டி வச்சிட்டு, பளபளன்னு மழிச்ச தலையோட கோட்டுப் போட்டு வந்து நிக்கான். ஊரே, ஆகா, எவ்வளவு லட்சணம், எவ்வளவு நேர்மைன்னுச்சு. ஜெனிட்டாவுக்கு முதல்லயே தெரியுமாம், பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அவன் கழட்டிக் காட்டிட்டானாம். அப்ப நான் எழுதுனதுல யாருக்கு என்ன நஷ்டம்? அந்தப் பையன் வாழ்நாள் பூரா காத்துக்குப் பயந்து தலையப் பிடிச்சிக்கிட்டுத் திரிஞ்சிருப்பான். நான் விடுதலை வாங்கிக் குடுத்தேன். ஒரு நன்றி உண்டா? தாய் எடத்துல நின்னு ஜெனிட்டா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர வேண்டியவ நான். அண்ணியோட தங்கச்சி கூட்டிட்டு வந்தா. நான் தூணுக்குப் பின்னால இருந்து பாத்தேன். அங்க இருந்து பாத்தா சேலையோட கரை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. நல்ல கலரு. நான் எடுத்திருந்தா இன்னும் கொஞ்சம் அழுத்தமா எடுத்திருப்பேன்.

தங்கச்சிமாரு ரெண்டு பேரும் குரூப்ப விட்டு வெளிய போயிட்டாளுக. எழுதும்போது சிரிச்சுச் சிரிச்சு பொம்மை போட்டவளுக, மாட்டுனதும் நல்லவளுக ஆயிட்டாளுக. இப்ப அதுல நான் மட்டும்தான் இருக்கேன். நானே போடுதேன், நானே பாக்கேன்.

நான் சும்மா இருக்கல. இந்தத் தானாத் தொறக்கது என்ன எளவுன்னு படிச்சேன். ஒன் மெஷின்லயும் பண்ணிப் பாரு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப், மூணையும் சேத்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல ஸ்டார்ட்டப்னு ஒரு எடம். தொறந்து பாத்தா எவன் எவனெல்லாம் நீ ஆன் பண்ணுனதும் ஓடி வரக் காத்திருக்கான்னு பூராவும் தெரியும். ஒவ்வொண்ணையும் பிடிச்சு, டிஸேபிள்னு குடுக்கணும். அவ்வளவுதான் வித்தை. சில ஆப்புல அதோட சொந்த செட்டிங்ஸ்லயும் போயி டிக்க எடுக்கணும், இல்லைன்னா நாய் வாலு மாதிரி திரும்ப வந்துரும்.

கத்துக்கிட்டத மத்தவங்களுக்குக் குடுக்கணும்லா. கோவில் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் நிப்பாட்டுனேன். அப்புறம் கன்னியர் மடத்துக்குப் போனேன், அங்க நிப்பாட்டுனேன். மருந்துக்கடையில நிப்பாட்டுனேன். கூப்பிட்டாங்களான்னு கேக்காத, நல்லது செய்ய யாரும் கூப்பிட வேண்டியதில்ல. மருந்துக்கடைக்காரரு மறுநாளு பில்லு போட முடியலன்னு கத்துனாரு. அவரு பில்லு ஆப்பும் அதுல சேந்து போச்சாம். அவரு முகராசி. மடத்துல வைரஸ் பிடிக்கதையும் நிப்பாட்டிட்டேன் போல, சிஸ்டர் இப்ப நான் வாரதப் பாத்தா ஆபீஸ் கதவப் பூட்டிருதாங்க. பரவால்ல. உலகத்துக்கு நல்லது செஞ்சவங்க எல்லாரும் பட்டதுதான்.

இந்தத் தவக்காலத்துல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார்ட்ட முழங்கால் போட்டுச் சொன்னேன். "சாமி, ஸ்டார்ட்டப்ல டிக் எடுக்காம விட்டது என் பாவம்."

"வேற?"ங்காரு.

"கரண்ட் வந்ததும் ஒயரக் கழட்டாம விட்டது."

"வேற?"

"சாமி, சீட்டு வெளையாட்டு ஆப்பு, அது நான் போட்டதில்ல, அதுவா வந்தது. ஆனாலும் ரெண்டு தடவ ஆடியிருக்கேன்."

அவரு கம்பிக்கு அந்தப் பக்கம் தலையக் கையில சாச்சுக்கிட்டாரு. தூங்கிட்டாரோன்னு நெனச்சேன். நிமிந்து, "டீச்சர், நீங்க பாளையங்கோட்டை போயி அண்ணன் மகளப் பாருங்க. அதுதான் ஒங்களுக்குப் பரிகாரம்"னாரு. மத்தவங்களுக்கெல்லாம் மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் குடுத்து அனுப்பிருதாரு. எனக்கு மட்டும் பஸ் சார்ஜ்.

அங்க போயிட்டுத்தான் இப்ப வாரேன். கல்யாணத்துக்கு அப்புறம் அண்ணனையும் மக தன் கூடவே வச்சிக்கிட்டா. முந்திரிக்கொத்து செஞ்சு கொண்டு போனேன், அவளுக்கு உசுரு. கதவத் தொறந்தா. "வாங்க அத்தை"ன்னா. வயிறு கொஞ்சம் தெரிஞ்சுச்சு. மக்ளே, அஞ்சு மாசம் இருக்கும். எனக்கு யாரும் சொல்லல. முந்திரிக்கொத்து டப்பாவ நெஞ்சோட பிடிச்சிக்கிட்டு உள்ள போனேன்.

அண்ணன் பேப்பர் படிச்சிட்டு இருந்தான். மாப்பிள நல்ல பையன், நாற்காலி இழுத்துப் போட்டான். "அந்த முடி விஷயத்துல எனக்கு நீங்க உபகாரந்தான் பண்ணீங்க அத்தை, வெயில் காலத்துல சொகமா இருக்கு"ன்னான். அண்ணனப் பாத்தேன், கேட்டியா அண்ணேங்கற மாதிரி. அவன் பேப்பர எறக்கல. மேசையில மாப்பிள லேப்டாப் இருந்துச்சு. நமக்குத் தெரிஞ்சதத்தான நாம செய்ய முடியும்? வாங்கி வச்சு, எல்லாத்தையும் தொறந்து காட்டுனேன். ஜெனிட்டா, இங்க பாரு, இதெல்லாம் ஒனக்குத் தெரியாம வந்து நிக்குது, ஒவ்வொண்ணா நிப்பாட்டுதேன் பாரு, இனிமே ஒண்ணும் தானா வெளிய வராதுன்னு சொன்னேன். ஒரு வருஷமா நான் பட்ட பாட்ட அவ பாக்கணும்லா.

அவ எனக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "நிப்பாட்டுனா அழிஞ்சிருமா அத்தை?"ன்னு கேட்டா.

"சே, அழியாது. எல்லாம் உள்ள அப்படியேதான் இருக்கும். வெளிய தெரியாது, அவ்வளவுதான்."

"அப்ப அந்த சாயங்காலத்து மீன்?"

அவ்வளவுதான் கேட்டா. சத்தமாக்கூடக் கேக்கல. அண்ணன் பேப்பர மடிச்சு வச்சான். மாப்பிள எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டான், காப்பி போடுத சாக்குல.

நான் ஒளிக்காமத்தான் சொன்னேன். "அதுவும் உள்ளதான் இருக்கு மக்ளே. பத்திரமா இருக்கு. நீ கவலப்படாத, நான் தொறந்தாத்தான் வரும்"னு. அவளுக்குத் தைரியம் சொல்லுததா நெனச்சுத்தான் சொன்னேன். அந்தப் பிள்ள மூஞ்சி மாறுனதப் பாத்த பெறகுதான், வேற ஏதோ சொல்லியிருக்கணுமோன்னு தோணிச்சு. என்னன்னு அந்த நேரத்துக்கு வரல. பத்து விரல்லயும் அடிப்பேன் மக்ளே, வாயில வரல.

"அழிக்கக் கூட ஒங்களுக்கு மனசு வரலயா?"ன்னா.

"எப்படி அழிக்க? அதுலதான ஒன் சின்னப் புள்ள போட்டோ எல்லாம் இருக்கு. மொத நற்கருணை வாங்குன போட்டோ, நான் தச்ச வெள்ளக் கவுனுல"ன்னேன். அது நெசம். அத அழிச்சா இதுவும் போயிருமே. அவ முந்தானையால கண்ணத் தொடச்சிக்கிட்டு உள்ள போயிட்டா. அழுததா, தூசியா, எனக்குத் தெரியாது. திரும்ப வெளிய வரல. நான் காப்பியக் குடிச்சேன். சீனி கம்மி. சொல்லல, குடிச்சிட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அண்ணன்தான் சொன்னான். நேரமெல்லாம் ஆகல, பஸ்சு வரிசையா வந்துக்கிட்டுத்தான் இருக்கு. வாசல் வரைக்கும் வந்தான். நான் செருப்ப மாட்டிக்கிட்டு, "போயிட்டு வாரேண்ணே"ன்னேன்.

"சரி"ன்னான்.

அவ்வளவுதான். சரி. போயிட்டு வான்னு சொல்லல. செத்த வீட்டுக்கு வந்தவங்ககிட்டதான் போயிட்டு வான்னு சொல்லக் கூடாது; எங்கப்பா செத்தன்னைக்குத் தவிர, வாசல்ல வச்சு யாருட்டயும் அவன் அதச் சொல்லாம விட்டு நான் பாத்ததில்ல. தெருமுனை வரைக்கும் மெதுவா நடந்தேன். மறந்திருப்பான், பின்னாலயே கூப்பிட்டுச் சொல்லுவான்னு. பஸ்ஸுல ஏறி உக்காந்த பெறகும் போனக் கையிலயேதான் வச்சிருக்கேன். ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதச் சொன்னா வாயில இருக்க முத்தா உதுந்துரும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது மக்ளே. அழுகையும் வருது. அந்தப் பிள்ளைக்குப் பேறுகாலத்துல கூட யாரு இருப்பா? தாயில்லயே அவளுக்கு.

என்ன, வள்ளியூர் வந்துட்டா? பேச்சுல பாக்கவே இல்ல. பைய எடுத்தாச்சா? கம்பியப் பிடிச்சு எறங்கு, அவன் நிக்கதுக்கு முந்தியே எடுத்துருவான்.

போயிட்டு வா மக்ளே.

பாத்தியா. ஒன்ன இன்னைக்குத்தான் பாக்கேன், இனிமே பாக்கவும் போறதில்ல. ஒனக்கே சொல்ல முடியுது.